பாலேயும் வர்க்கமும்: ஹார்லெம் நடன அரங்கை முன்வைத்துச் சில சிந்தனைகள்

பாலே நடனம் மேட்டுக்குடியினரின் கலை என்பது முற்போக்கு வட்டாரங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு கருத்தாகும். இக்கருத்துக்கு வரலாற்றடிப்படை இல்லாமலில்லை. இத்தாலிய, பிரெஞ்சு அரசவைகளில் வளர்ந்த இந்நடனத்துக்கென 1661இல் பதினான்காம் லூயி மன்னன் ஒரு கழகத்தையே நிறுவினான். ஆயின், ஒரு கலைவடிவம் எவ்வர்க்கத்தின் மடியிற் பிறந்தது என்பதைக் கண்டறிந்தவுடன் விமர்சனத்தின் பணி முடிந்துவிடுகிறதா? நியூயோர்க் நகரின் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் 1969இல் தோன்றிய ஹார்லெம் நடன அரங்கின் வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது. அவ்வரலாற்றை, பாலேயின் அடையாளமாகவே ஆகிவிட்ட 'டூட்டூ' என்னும் மெல்லிய பாவாடையிலிருந்து தொடங்கி நோக்குவது பயனுடையது என நாம் கருதுகின்றோம்.

1

1832இல் பாரிஸ் ஒபரா அரங்கில் 'லா சில்ஃபீத்' என்னும் பாலேயில் மரீ தாலியோனி வெண்ணிறப் பாவாடை அணிந்து, கால்விரல் நுனியில் நின்றாடினார். பூமியைத் தொடாத ஆவியுலகப் பெண் என்ற கற்பனைக்கு அவ்வுடை உருவங் கொடுத்தது. உடலுழைப்பின் சுவடே தெரியாதவாறு உடலை ஆட்டுவிப்பது இவ்வழகியலின் உட்கிடை எனலாம்.

மறைக்கப்பட்ட அவ்வுழைப்பு யாருடையது? ஒபராவின் நடனமாதருட் பலர் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தோர். அரங்கின் பின்னே அமைந்த மண்டபத்தில் அவர்களைச் சந்திக்கும் சலுகை செல்வந்தச் சந்தாதாரருக்கு இருந்தது. எட்கார் டெகா தீட்டிய ஓவியங்களில் நடனமாதரின் அருகே கறுப்பு அங்கியுடன் நிற்கும் கனவான்கள் இவ்வுறவின் சாட்சிகளாவர். 1862இல் எம்மா லிவ்ரி என்ற இளம் நடனமாதின் பாவாடை ஒத்திகையின்போது வாயு விளக்கிலிருந்து தீப்பற்றியது. எட்டு மாதங்கள் துன்புற்று அவர் இறந்தார். தீப்பற்றாதவாறு பதப்படுத்தினால் துணி விறைத்து மங்கிவிடும் என்பதால் அத்தகைய பாவாடையை அவர் ஏற்கனவே மறுத்திருந்தார். அழகுபற்றிய கருத்துநிலை ஆடுபவரின் உயிரையே விலையாகக் கேட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

துணிக்கும் ஒரு வரலாறு உண்டு. பிற்காலத்து டூட்டூக்களின் அடுக்கடுக்கான வலைத்துணி இயந்திர உற்பத்தியின் பேறாகும். இங்கிலாந்தில் ஜோன் ஹீத்கோட் வலைத்துணி இயந்திரத்தை அமைத்ததும், 1816இல் லஃபறோவிலிருந்த அவரது ஆலையை லடைற் இயக்கத் தொழிலாளர் தாக்கி இயந்திரங்களை நொறுக்கியதும் கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றிற் பதிவானவை. மேலும், தாலியோனி ஆடிய காலத்தில் ஐரோப்பிய ஆலைகளுக்குச் சென்ற பருத்தியிற் பெரும்பகுதி ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளால் விளைவிக்கப்பட்டது. ஆகவே, ஹார்லெம் மக்களின் முன்னோர் பாலேக்கு முற்றிலும் அந்நியரல்லர். மேடையின் வெண்மைக்குப் பின்னிருந்த உலகப் பொருளாதாரத்தில் அவர்களது உழைப்பும் அடங்கியிருந்தது.

2

ஹார்லெமில் வளர்ந்த ஆர்தர் மிச்சல் 1955இல் நியூயோர்க் நகர பாலேயிற் சேர்ந்தார். 1957இல் பலன்ஷீனின் 'அகோன்' என்னும் ஆக்கத்தில் வெள்ளையினப் பெண்ணான டயானா அடம்ஸுடன் இணைந்தாடினார். நிறவொதுக்கல் சட்டங்கள் நடைமுறையிலிருந்த நாட்டில் இது வெறும் நடன நிகழ்ச்சியாக அமைந்திருக்க முடியாது. 1968 ஏப்பிரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதை அடுத்து, தாம் பிறந்த சமூகத்துக்குத் திரும்ப மிச்சல் தீர்மானித்தார். ஆசிரியர் காரல் ஷூக்குடன் சேர்ந்து, முப்பது பிள்ளைகளுடன் அவர் வகுப்புத் தொடங்கினார். வாகனக் கொட்டகையின் கதவுகளைத் திறந்துவைத்தே பயிற்சி நடைபெற்றது. தெருவிற் சென்றோர் நின்று பார்த்தனர். பார்த்த பிள்ளைகள் உள்ளே வந்தனர். சில மாதங்களுள் மாணவர் தொகை 400ஐ எட்டியது. நகரின் மறுகோடியில் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கவேண்டிய கலை, அயலவரின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியாகவும் ஆயிற்று.

இதற்கு நான்கு ஆண்டுகளின் முன்னர், 1965இல், அதே ஹார்லெமில் அமிரி பராக்கா கறுப்பினக் கலை அரங்கைத் தொடங்கியிருந்தார். கறுப்பினத்தவருக்கென்று தனியான அழகியல் வேண்டும் என வாதிட்ட அவ்வியக்கத்தின் நோக்கில் பாலே வெள்ளையரின் கலையே. இந்நிலைப்பாட்டின் கோபத்தை நாம் மதிக்கின்றோம், முடிவை ஏற்பதற்கில்லை. முந்திய சமுதாயங்கள் திரட்டிய அறிவனைத்தையும் விமர்சன நோக்கிற் கையேற்காமற் புதிய பண்பாடு உருவாகாது என்பது 1920இல் இளைஞர் கழகங்களுக்கு லெனின் வற்புறுத்திய கருத்தாகும். கையேற்பது வேறு, போலச்செய்வது வேறு என்பதே இங்குக் கவனிக்கவேண்டியது.

ஹார்லெம் கலைஞர் போலச்செய்யவில்லை என்பதற்குக் காலுறையே சான்று. பாலேயின் காலுறையும் சப்பாத்தும் மரபாக இளஞ்சிவப்பு நிறத்தன. ஆடுபவரின் தோலோடு இசைந்து காலின் கோட்டை நீட்டிக் காட்டுவதே அந்நிறத்தின் தொழில். ஆயின் அது யாருடைய தோல்? 1970களில் இக்குழுவினர் தத்தம் தோலின் நிறத்துக்கேற்பக் காலுறைகளுக்குச் சாயமிட்டும் சப்பாத்துக்களுக்கு வண்ணம் பூசியும் மேடையேறினர். ஒரு குறிப்பிட்ட இனத்தின் நிறமே மனித நிறம் என இயல்பாகத் தோன்றச்செய்திருந்த கருத்துநிலை அச்சாயத்தால் வெளிச்சமாயிற்று. இலண்டனின் ஃபிரீட் நிறுவனம் கறுப்பினத்தவருக்கேற்ற பழுப்பு நிறங்களில் விரல்நுனிச் சப்பாத்துக்களை விற்பனைக்குக் கொணர்ந்தது 2018இலேயாம்.

1984இல் மேடையேறிய 'கிரியோல் ஜிசெல்' இன்னும் ஒருபடி முன்சென்றது. 1841இல் பாரிஸில் அரங்கேறிய 'ஜிசெல்' ஒரு குடியானவப் பெண்ணையும், குடியானவனாக வேடமிட்ட பிரபுவையும் பற்றியது. இதன் களம் 1840களின் லூயிசியானாவுக்கு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவர் சமூகத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே ஒரு குடும்பம் அடிமை நிலையிலிருந்து எத்தனை தலைமுறை விலகியிருந்தது என்பதே அதன் அந்தஸ்தை நிர்ணயித்தது. ஒடுக்கப்பட்ட இனத்தினுள்ளும் வர்க்க வேறுபாடு உண்டு என்ற உண்மையை மூலக்கதையின் அமைப்பைச் சிதைக்காமலே இவ்வாக்கம் வெளிக்கொணர்ந்தது. பருத்தி விளைந்த மண்ணையே களமாகக் கொண்டு, கறுப்பினப் பெண்கள் வெண்ணிற டூட்டூ அணிந்தாடியபோது அவ்வுடையின் பொருளே மாறிவிட்டது.

3

இத்துடன் நின்றுவிடின் நமது மதிப்பீடு வெறும் பாராட்டாகவே அமையும். வடிவத்தைக் கையேற்ற ஹார்லெம் மக்கள் அதன் பொருளாதார அடித்தளத்தைக் கையேற்கவில்லை. இந்நிறுவனம் தொடக்கத்திலிருந்தே ஃபோர்ட் அறநிதியம் போன்ற பெருமூலதன நிதியங்களின் கொடையிலே தங்கியிருந்தது. 1997இல் அதன் நடனக் கலைஞரே வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். 2004இற் கடன்சுமையால் நடனக்குழு கலைக்கப்பட்டு, 2012இலேயே மீண்டும் இயங்கத் தொடங்கியது. மிச்சல் 2018இற் காலமானார். ஆடுபவர் மாறலாம், பார்ப்பவரும் மாறலாம், கொடுப்பவர் மாறாதவரை கதவு எந்நேரமும் மூடப்படலாம் என்பதையே அந்த எட்டாண்டு இடைவெளி உணர்த்துகின்றது.

எனவே, ஒரு சமூகம் பாலேயையும் டூட்டூவையும் கொண்டாடுவதைக் காணும்போது, மேட்டுக்குடி மோகம் என ஒதுக்குவதும், தடை தகர்ந்தது என மகிழ்ந்து அமைவதும் ஒருதலைப்பட்சமானவை. யார் ஆடுகின்றனர், யார் தைக்கின்றனர், யார் பார்க்கின்றனர், யாருடைய பணம் அதனைத் தாங்குகின்றது என்ற நான்கு வினாக்களையும் ஒருங்கே எழுப்புதல் வேண்டும். முதல் வினாவுக்கும் மூன்றாம் வினாவுக்கும் ஹார்லெம் அளித்த விடை இருபதாம் நூற்றாண்டுக் கலை வரலாற்றின் பெரும் பேறுகளுள் ஒன்று. எஞ்சிய இரண்டுக்கும் நடனத்தால் மட்டும் விடை காண முடியாது. அவை சமுதாய மாற்றத்தை வேண்டி நிற்பவை.