சவேரியார் மடல்களும் நம் மாணவரும்

தன்னைக் குறித்துப் பிறர் எழுதியவற்றை ஒரு சமூகம் எவ்வாறு கற்க வேண்டும்? புனித பிரான்சிஸ் சவேரியார் ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் வரைந்த மடல்களைக் கையிலெடுக்கும்போது இவ்வினா நம் முன் எழுகின்றது. குமரிக் கரையின் வாழ்வைக் கண்ணாரக் கண்டு எழுதிய அம்மடல்களைத் தமிழாக்கி வகுப்பில் வைத்தால், 'நான் யார்? எம்மக்களைச் சேர்ந்தவன்?' என்ற தேடலுக்கு அவை துணையாகுமா?

ஆகும் என்றே சொல்வோம். 1544 சனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமைத் தோழர்களுக்கு அவர் ஸ்பானிய மொழியில் ஒரு மடல் எழுதினார். மக்களின் தாய்மொழி மலபார் மொழி, தம்முடையதோ பாஸ்கு. ஆதலால் ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்கவில்லை என்கிறார். அக்கால ஐரோப்பியர் தமிழை மலபார் மொழி என்றே வழங்கினர். இருமொழி அறிந்தோரைக் கூட்டிப் பல நாள் முயன்று செபங்களைத் தமிழாக்கியதையும், அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் ஊரைச் சுற்றிப் பிள்ளைகளை அழைத்ததையும் விவரிக்கிறார். போதிக்க வந்தவர் முதலில் மாணவரானார். வீட்டில் கடற்கரைப் பேச்சு, ஏட்டில் செந்தமிழ், மேற்படிப்புக்கு ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளை, மும்மொழிகளிடையே நின்ற அந்த நவார் நாட்டினரிடம் தன்னையே காணக்கூடும். தன் வீட்டுப் பேச்சுக்காக நாணவேண்டியதில்லை என்பதையும் உணரும்.

அதே ஆண்டு சூன் 16ஆம் நாள் மணப்பாட்டிலிருந்து எழுதிய மடல் மேலும் நெருக்கமானது. வடுகர் படைக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கி, பசியாலும் தாகத்தாலும் வாடிய மக்களுக்கு உதவ இருபது தோணிகளுடன் புறப்பட்டார். எதிர்க்காற்று அவரைச் சென்றடைய விடவில்லை. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆனி மாதக் காற்றின் கொடுமையை ஆசிரியர் விளக்கத் தேவையில்லை.

எனினும் இம்மடல்களின் குறையை மறைத்தலாகாது. திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக 1545 சனவரியில் எழுதுகிறார். ஒவ்வொருவருக்கும் புதுப்பெயரை எழுதிக் கொடுத்ததாகவும் கூறுகிறார். ஆயின் அப்பெயர்களுள் ஒன்றேனும் மடலில் இல்லை. அவர்கள் அதுவரை தாங்கியிருந்த பெயர்களும் இல்லை. நமக்கு எஞ்சியது எண்ணிக்கையே. பழைய வழிபாட்டையும் பிராமணரையும் குறித்த கடுமொழிகளோ நிறையவே உள்ளன. ஐரோப்பாவிலிருந்த தோழர்களின் ஆர்வத்தைத் தூண்டவே இவை எழுதப்பட்டன. நம்மைப் பற்றிப் பேசினாலும் நம்மிடம் பேசவில்லை. இதைச் சொல்லாமல் கற்பித்தால், தன் வரலாறே 1544இல்தான் தொடங்கிற்று என்று மாணவன் எண்ணிவிடுவான். காற்றும் நீரோட்டமும் அறிந்த அவன் முன்னோர் அதற்கு முன்பே இக்கரையில் வாழ்ந்தவர்கள் அல்லரோ?

ஆதலின் ஆசிரியர்களும் மறைக்கல்வி அன்பர்களும் இம்மடல்களை வாசிக்கச் செய்வதோடு நின்றுவிடலாகாது. இவற்றுக்கு மறுமடல் எழுதுமாறு மாணவரைப் பணிக்க வேண்டும். பாட்டன் பாட்டியரிடம் கேட்டறிந்த குடும்பப் பெயர்களையும், பட்டப்பெயர்களையும், மீன்களுக்கும் காற்றுகளுக்கும் வழங்கும் சொற்களையும் வீட்டுப் பேச்சிலேயே அதில் அவர்கள் எழுதட்டும். புனிதரின் மடலில் விடுபட்ட பெயர்களுள் சிலவேனும் அப்போது ஏட்டில் ஏறும்.