நோய்ப்பெயரே புகலிடமாதல்: ஜேனட் ஃபிரேமின் தன்வரலாறு குறித்து

நியூசிலாந்து எழுத்தாளர் ஜேனட் ஃபிரேம் (1924–2004) மூன்று பாகங்களாக எழுதிய தன்வரலாறு, தவறான மருத்துவக் கணிப்புக்கு ஆளான ஒருவரின் குற்றச்சாட்டாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. 1990இல் ஜேன் கேம்பியன் இயக்கிய திரைப்படமும் இவ்வாசிப்பை வலுப்படுத்தியது எனலாம். இது பிழையான வாசிப்பன்று. ஆயினும் நூலின் அரிய பகுதியை இது தவறவிடுகின்றது என்பதே நம் கருத்து.

1945இல் ஆசிரியப் பயிற்சியில் இருந்த ஃபிரேம், தாம் மாத்திரைகளை விழுங்கியதை ஒரு பயிற்சிக் கட்டுரையில் எழுதினார். அதன் விளைவாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவருக்கு மனச்சிதைவு நோயாளி என்னும் பெயர் சூட்டப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் பெரும்பகுதி மனநல மருத்துவமனைகளிலேயே கழிந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட முறை மின்னதிர்ச்சி தரப்பட்டதாக அவரே குறிப்பிடுகின்றார். மூளை அறுவைக்கு அவர்தம் தாயாரும் கையொப்பமிட்டிருந்தார். அவரது ‘லகூன்’ சிறுகதைத் தொகுப்பு 1952இல் பரிசு பெற்ற செய்தியை மருத்துவமனைத் தலைவர் நாளிதழில் கண்டதால் அறுவை கைவிடப்பட்டது. எழுத்து உயிர் காத்ததாக இலக்கிய அன்பர்கள் இதனைக் கொண்டாடுவதுண்டு. பரிசு ஏதும் பெறாமல் அவ்வறுவைக்கு உட்பட்ட பிற நோயாளிகளை எண்ணும்போது நம்மால் அவ்வாறு மகிழ இயலவில்லை.

1984இல் வெளிவந்த இரண்டாம் பாகமே நம் கவனத்திற்குரியது. தமக்கு இடப்பட்ட நோயின் அறிகுறிகளை நூல்களில் தேடிக் கற்று, உளவியல் கற்பித்த இளம் விரிவுரையாளர் முன் அவற்றைத் தாம் நடித்துக் காட்டியதை ஃபிரேம் மறைக்காமல் எழுதுகின்றார். அவ்விரிவுரையாளர் அவரை வான்கோ முதலிய கலைஞரோடு ஒப்பிட்டார். கூச்சமும் தனிமையும் மிக்க ஓர் இளம்பெண்ணுக்கு அந்நோய்ப்பெயர் இழிவாக மட்டுமன்றி மதிப்பாகவும் அமைந்துவிட்டது. சிறை அவரைச் சூழ எழுந்தபோது அதன் சுவர்களில் சிலவற்றை அவரும் சேர்ந்தே எழுப்பினார். பாதிக்கப்பட்டவர் தம் பங்கினை இவ்வளவு தெளிவாக எழுதுதல் அரிது. மருத்துவமனைக் காட்சிகளின் கூர்மையில் 1961ஆம் ஆண்டுப் புதினமான ‘நீரில் முகங்கள்’ விஞ்சி நிற்கலாம். இந்நேர்மையில் தன்வரலாறே மேலானது.

1950களின் பிற்பகுதியில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை மருத்துவர்கள், அவருக்கு மனச்சிதைவு ஒருபோதும் இருந்ததில்லை என முடிவு செய்தனர். மூன்றாம் பாகம் (1985) இதனை விடுதலையாக அன்றி இழப்பாகவே பதிவு செய்கின்றது. நோய் ஏதுமில்லை என்றபின் எதைச் சொல்லி உதவி கேட்பது என்பதே அவருடைய தவிப்பு.

நம் நாட்டுச் சூழலில் இதனை உணர்வது கடினமன்று. தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயரே இங்கு ஏளனச் சொல்லாகப் புழங்குகின்றது. ‘சிதைவு’ என்னும் சொல்லும் நோயாளியிடம் இனி எதுவும் எஞ்சவில்லை என்றே ஒலிக்கின்றது. இதனையொத்த காரணத்தால் ஜப்பானியர் 2002இல் இந்நோயின் பெயரையே மாற்றினர். தமிழில் அத்தகைய முயற்சி வலுப்பெறவில்லை.

ஃபிரேம் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 2007இல், நியூசிலாந்து மருத்துவ இதழொன்றில் அவருக்குத் தற்புனைவு நிலை, அதாவது ஆட்டிசம், இருந்திருக்கலாம் எனும் கட்டுரை வெளிவந்தது. அவர்தம் எழுத்துரிமையைப் பேணுவோர் அதனை மறுத்தனர். ஃபிரேம் இருந்திருந்தால் மறுத்திருப்பாரா, அன்றி அப்பெயரையும் சிறிது காலம் உடுத்திப் பார்த்திருப்பாரா என்பது தன்வரலாற்றை வாசித்தோர்க்கு எளிதில் விடை கிட்டாத வினா.