மரபணுவும் வகுப்பறையும்

ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம் பயிலும் பிள்ளைகளுள் ஒருவர் விரைந்து கற்பதும் மற்றொருவர் தயங்கி நிற்பதும் பிறப்பாலா, வளர்ப்பாலா? இப்பழைய வினாவுக்கு அறிவியல் வழியில் விடை தேடும் நூல், கேத்ரின் ஆஸ்பரியும் ராபர்ட் பிளோமினும் எழுதி 2013-இல் வெளிவந்த 'ஜி ஈஸ் ஃபார் ஜீன்ஸ்'.

நூலின் அடித்தளம் உறுதியானது. 1994 முதல் 1996 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறந்த பல்லாயிரம் இரட்டையரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வே அது. ஒரு கரு இரட்டையர் மரபில் ஏறத்தாழ முழுவதும் ஒத்தவர்; இரு கரு இரட்டையர் உடன்பிறந்தாரைப் போன்றவர். முன்னவரின் மதிப்பெண்கள் பின்னவருடையவற்றைவிட எவ்வளவு நெருங்கியுள்ளன என்பதைக் கொண்டு மரபின் பங்கு கணிக்கப்படுகிறது. பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வின் கட்டாயப் பாடங்களில், மதிப்பெண் வேறுபாட்டில் 58 விழுக்காடு மரபாலும், 36 விழுக்காடு இரட்டையர் பகிர்ந்துகொள்ளும் வீடு, பள்ளிச் சூழலாலும் விளைவதாக இக்குழு 2013-இல் அறிவித்தது.

இந்த எண்ணைப் பிழைபட வாசித்தல் எளிது. பிள்ளைகளுக்கு இடையேயுள்ள வேறுபாட்டைப் பற்றியே அது பேசுகிறது. தனியொரு பிள்ளையின் அறிவில் இத்தனை பங்கு மரபு என்று அதற்குப் பொருளில்லை. எல்லாருக்கும் சமமான கல்வி கிடைக்குமாயின் சூழலின் வேறுபாடு குறையும்; எஞ்சும் வேறுபாட்டில் மரபின் பங்கு தானே உயரும். ஆகவே பெரிய எண், பள்ளி பயனற்றது என்பதற்குச் சான்றாகாது. இவ்வுண்மையை ஆசிரியர்கள் தெளிவாக விளக்குமிடமே நூலின் சிறந்த பகுதி.

ஆனால், ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் முன்னறிவிக்கும் மரபணுச் சில்லு ஒன்று வரக்கூடும் என்று அவர்கள் எதிர்நோக்கும்போது, நூல் தன் அடித்தளத்தை விட்டு விலகுகிறது. 11 இலட்சம் பேரை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வின் மரபணு மதிப்பீடு, கல்வி பயின்ற ஆண்டுகளின் வேறுபாட்டில் 11 முதல் 13 விழுக்காட்டையே விளக்கிற்று. ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்ப்பிட இது போதாது. அதே ஆண்டில் ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வு, பிள்ளைக்கு வந்து சேராத பெற்றோரின் மரபணுக்களும் அப்பிள்ளையின் கல்வியோடு தொடர்புடையன என்று காட்டியது. அவை பெற்றோரை உருவாக்குகின்றன; பெற்றோர் வீட்டை உருவாக்குகின்றனர். மரபென்று நாம் எண்ணியதற்குள்ளும் வீடு மறைந்திருக்கிறது.

மேலும், மரபால் வருவதெல்லாம் மாற்றவியலாததன்று. 'பினைல்கீட்டோனூரியா' முற்றிலும் மரபுவழி நோய். கவனியாது விட்டால் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்வது. பிறந்தவுடன் கண்டறிந்து உணவை மாற்றினால் அக்குழந்தையும் இயல்பாகவே கற்கிறது.

வாசிப்பில் இடறக்கூடிய பிள்ளை என்று முன்னரே அறியும் ஆசிரியர், கூடுதல் நேரம் ஒதுக்கலாம், கைவிட்டும் விடலாம். நூலாசிரியர்கள் விரும்புவது முன்னதையே. அவர்தம் நன்னோக்கில் ஐயமில்லை. ஆயினும் ஆசிரியரின் மனம் எவ்வழிச் செல்லும் என்பதைச் சில்லு முடிவு செய்யாது. பிள்ளை எந்தச் சொல்லில் இடறுகிறது என்பதை, அருகமர்ந்து வாசிக்கக் கேட்பவர் இன்றே அறியலாம். ஆசிரியரும் பெற்றோரும் இந்நூலைக் கற்கட்டும். அதன் எண்களை எந்தப் பிள்ளையின் நெற்றியிலும் எழுதாதிருக்கட்டும்.