வீட்டில் பதிந்த இசையும் அயலார் செவியும்

வீட்டிலே பாடி, வீட்டிலே பதிவு செய்து, வீட்டுக் கணினியிலேயே இறுதி வடிவம் கொடுத்து வெளியிடப்படும் இசை இன்று பெருகி வருகின்றது. 2004ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் கராஜ்பேண்ட் என்னும் மென்பொருளைத் தன் கணினிகளுடன் சேர்த்து வழங்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் பெருநகர் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே உரியதாயிருந்த பல்தடப் பதிவு, அதன்பின் மாணவரின் மேசைக்கும் வந்து சேர்ந்தது. 2014இல் தொடங்கிய லாண்டர் போன்ற சேவைகளோ, மாஸ்டரிங் என்னும் இறுதிப் பணியையும் மனிதர் கைபடாமல் சில நிமிடங்களில் முடித்துத் தருகின்றன. ஆகையால், இனி இத்துறையில் வல்லுநர் எதற்கு என வினவுவோர் பலர். வல்லுநர் கைபடாத பதிவு கேட்கத் தகாதது எனச் சாதிப்போரும் உளர். இவ்விரு கூற்றுகளையும் வீட்டில் பிறந்த இரண்டு இசைத்தொகுப்புகளைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்பது நம் நோக்கம். ஒன்று, அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா'. மற்றது, பில்லி ஐலிஷ் 2019இல் வெளியிட்ட 'வென் வீ ஆல் ஃபால் அஸ்லீப், வேர் டு வீ கோ?'.

1. சொற்களின் பொருள்

ஆராய்ச்சிக்குள் புகுமுன் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். தனித்தனித் தடங்களில் பதிந்த குரலையும் கருவிகளையும் அளவறிந்து இணைத்து, இடப்புறம் வலப்புறம் என அவற்றிற்கு இடமளித்து, ஒன்று மற்றொன்றை மறைக்காதபடி சீர்செய்வது மிக்ஸிங். இவ்வாறு முடிந்த பாடல்களை ஒரு தொகுப்பாக வரிசைப்படுத்தி, ஒலியளவும் நிறமும் பாடலுக்குப் பாடல் ஒத்துவரும்படி செய்து, வெளியீட்டிற்கு ஆயத்தப்படுத்துவது மாஸ்டரிங்.

மாஸ்டரிங் பணி இசைத்தட்டு வெட்டும் தொழிலிலிருந்து தோன்றியது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அரக்குப் பூசிய தட்டில் ஊசி வெட்டும் பள்ளத்தின் அகலம் ஒலியின் வலிமையைப் பொறுத்தது. தாழ்ந்த ஒலிகள் மிகுந்தால் பள்ளம் அகன்று தட்டில் இடம் போதாமற்போகும். சில வேளைகளில் இசைப்பெட்டியின் ஊசி பள்ளத்தைவிட்டுத் துள்ளிவிடும். ஆகவே வெட்டுபவர் பாடலை முழுதும் கேட்டு, எது தட்டில் நிற்கும், எது நிற்காது எனத் தீர்மானித்தார். பாடலை ஆக்கியோருள் ஒருவராயிராமல், அதனை முதன்முதலில் கருத்தூன்றிக் கேட்ட அயலார் அவரே எனலாம். இக்கருத்து நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

2. நெப்ராஸ்கா

ஸ்பிரிங்ஸ்டீன் இத்தொகுப்பின் பெரும்பகுதியை 1982 ஜனவரியில், நியூ ஜெர்சி மாநிலத்துக் கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில் தாம் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் படுக்கையறையில் பதிவு செய்தார். கருவி, சாதாரணக் காசெட்டில் நான்கு தடங்கள் பதியும் டியாக் போர்ட்டாஸ்டுடியோ. ஒலிவாங்கிகள் இரண்டு. அவருடைய கிட்டார்களைப் பேணிவந்த மைக் பேட்லன் என்பவரே பதிவுக்குத் துணை நின்றார். நான்கு தடங்களையும் எக்கோபிளெக்ஸ் என்னும் எதிரொலிக் கருவியின் வழியாகச் செலுத்தி, ஒரு பானசோனிக் காசெட்டுப் பெட்டியில் இறக்கினார்கள். மிக்ஸிங் என அங்கு நிகழ்ந்தது இவ்வளவே. தம் வாத்தியக் குழுவினர்க்குப் பாடல்களைப் போட்டுக்காட்டவே அவர் இதனைச் செய்தார். வெளியிடும் எண்ணம் அப்பொழுது இல்லை.

பின்னர், நியூயார்க் நகரிலுள்ள பவர் ஸ்டேஷன் கூடத்தில் அதே பாடல்களை முழுக் குழுவுடன் பதிந்து பார்த்தார்கள். சிறந்த கூடம், சிறந்த கருவிகள், தேர்ந்த கலைஞர் அனைத்தும் இருந்தும், காசெட்டில் இருந்த ஏதோவொன்று அங்கு வரவில்லை. முடிவில் காசெட்டையே வெளியிடத் துணிந்தார்கள். குழுவுடன் பதிந்தவற்றுள் பல 2025 அக்டோபரில் வெளிவந்துள்ளமையால், அத்தீர்ப்பு சரியா என இன்று நாமே கேட்டு அறியலாம். சரியே என்பது நம் கருத்து. குழுவின் வாசிப்பில் குறையொன்றுமில்லை. ஆனால் இப்பாடல்களில் பேசுவோர் கொலைஞரும், வேலையிழந்தோரும், கடனில் மூழ்கியோருமான தனித்த மாந்தர். அவர்களுக்குப் பின்னால் முழக்கமும் கித்தார்களும் எழும்பியவுடனே அவர்களுக்குத் துணை கிடைத்துவிடுகின்றது, தனிமை போய்விடுகின்றது. காசெட்டிலோ நாடாவின் இரைச்சலும், நெருங்கிய அறையும், நீங்காத எதிரொலியும் அத்தனிமைக்குச் சான்று பகர்கின்றன. 'ஸ்டேட் ட்ரூப்பர்' என்னும் பாடலில் திடீரென எழும் ஓலம் தூய்மையாகப் பதியப்பட்டிருப்பின் இத்துணை அச்சம் விளைத்திராது.

இவ்வளவில் நின்றுவிட்டால், வல்லுநர் தேவையில்லை என்போர் வென்றுவிட்டதாகத் தோன்றும். ஆயினும் இரண்டு செய்திகள் அதற்கு எதிராக நிற்கின்றன. முதலாவது, அதே காசெட்டில் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' என்ற பாடலும் இருந்தது. தனிக் கிட்டாருடன் பாடிய அவ்வடிவம் 1998இல் 'ட்ராக்ஸ்' என்னும் தொகுப்பில் வெளிவந்துள்ளது. அது கேட்கத் தக்கதே. எனினும் குழுவுடன் பதிந்து, பாப் கிளியர்மவுன்டன் மிக்ஸிங் செய்து 1984இல் வெளிவந்த வடிவத்தின் ஆற்றல் அதற்கு இல்லை. அப்பாடலில் பேசுபவன் ஊர் முழுவதும் கேட்கக் கூவுகின்றான். அவனுக்கு அறை போதவில்லை. ஆகவே, வீடு உயர்ந்தது, கூடம் தாழ்ந்தது என்று பொதுவிதி வகுக்க ஒரே காசெட்டு இடங்கொடுக்கவில்லை.

இரண்டாவது, அந்தக் காசெட்டு தானாகவே இசைத்தட்டாகிவிடவில்லை. அதன் இரைச்சலும் சீரற்ற ஒலியும் தட்டு வெட்டுவோர்க்குப் பெரும் இடர்ப்பாடாயின. பல இடங்களில் முயன்ற பின்னரே, அட்லாண்டிக் ஸ்டுடியோவின் டென்னிஸ் கிங் போன்ற கைதேர்ந்தவர்களின் உழைப்பால் அது தட்டில் ஏறியது. வீட்டில் பிறந்த குழந்தையை உலகில் நடமாடச் செய்தவர்கள் அவர்களே. அவர்களது திறமையின் சிறப்பு யாதெனில், கேட்போர்க்கு அது தெரியாதபடி செய்ததாகும்.

3. படுக்கையறையிலிருந்து பரிசு மேடைக்கு

முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் வந்த பில்லி ஐலிஷின் தொகுப்பு வேறொரு காலத்தைக் காட்டுகின்றது. லாஸ் ஏஞ்செலஸ் நகரின் ஹைலேண்ட் பார்க் பகுதியிலுள்ள பெற்றோர் வீட்டில், தமையன் ஃபினியஸின் படுக்கையறையில், லாஜிக் புரோ மென்பொருளைக் கொண்டு அது பதிவாயிற்று. 2020 ஜனவரியில் நடைபெற்ற கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்குரிய பரிசைப் பெற்றது. அன்றுமுதல், வீட்டிலேயே எல்லாம் செய்யலாம் என்பதற்கு இதனையே எடுத்துக்காட்டாகக் கூறி வருகின்றனர்.

எடுத்துக்காட்டுவோர் தொகுப்பின் விவரக் குறிப்பைப் படிப்பதில்லை போலும். மிக்ஸிங் செய்தவர் ராப் கினெல்ஸ்கி; மாஸ்டரிங் செய்தவர் ஜான் கிரீன்ஹாம். சிறந்த ஒலிப்பொறியியலுக்கான கிராமிப் பரிசும் அதே விழாவில் இத்தொகுப்புக்குக் கிடைத்தது. அப்பரிசில் இவ்விருவருக்கும் பங்கு உண்டு. செவிக்கருகில் முணுமுணுக்கும் குரலும் அறையையே அதிரச் செய்யும் தாழ்ந்த ஒலியும் ஒருங்கே நிற்பதுதான் இத்தொகுப்பின் தனிச்சிறப்பு. அவ்விரண்டில் எதை மிகுத்தாலும் மற்றது கெட்டுவிடும். அளவு தவறாமல் அவ்விரண்டையும் ஒன்றாகக் காத்திருப்பது, பழகிய செவியுடையோரின் பணி என்பதில் ஐயமில்லை. அப்பாடல்களைக் கற்பனை செய்தவை அந்தச் சிறிய அறையும் அதிலிருந்த இருவருமே என்பதும் அதேயளவு உண்மை. இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையான திறனாய்வாகாது.

4. அறையும் செவியும்

மென்பொருள் வல்லுநரிடமுள்ள கருவிகள் பெரும்பாலானவற்றை நமக்குத் தந்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. அது தரவியலாதவை இரண்டு. ஒன்று அறை, மற்றது அயலார் செவி.

அறையைக் குறித்து இயற்பியல் கூறுவது தெளிவானது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். 3 மீட்டர் நீளமுள்ள அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள தாழ்ந்த ஒலி நிலையலையாக நின்றுவிடுகின்றது. சுவரோரம் அமர்ந்து கேட்பவர்க்கு அது மிகுதியாகவும், அறையின் நடுவில் இருப்பவர்க்கு ஏறக்குறைய இல்லாததாகவும் தோன்றும். நடுவில் அமர்ந்து மிக்ஸிங் செய்பவர், தாழ்ந்த ஒலி போதவில்லையென எண்ணி அதனை ஏற்றிவிடுவார். வேறோர் அறையில் அப்பாடல் இடிபோல் முழங்கும். இதில் மென்பொருள் பிழைபடவில்லை. மேசையில் அமர்ந்தவரின் தீர்ப்பைத்தான் அறை திரித்துவிட்டது. மேலும், 1933இலேயே ஃபிளெச்சர், மன்சன் என்னும் ஆய்வாளர் காட்டியபடி, ஒலியளவு குறையும்போது தாழ்ந்த ஒலிகளை உணரும் ஆற்றல் நம் செவியில் மிகவும் குறைகின்றது. உரக்கக் கேட்டுச் செய்த தீர்மானம் மெல்லக் கேட்கும்போது பொருந்தாமற்போவது இதனாலேயே.

அயலார் செவியின் அருமை நமக்கு நேரிலே விளங்கியது. ஒரு பாடற்குழுவினர் தாமே பதிந்து தாமே இறுதி செய்த பாடல்களைக் கேட்டுக் கருத்துரைக்கும்படி நம்மிடம் தந்தனர். இராகமும் தாளமும் குறைவற்றவை. ஆனால் எதிரொலியின் மிகுதியால் சொற்கள் கரைந்து, பாடலின் பொருள் நமக்கு எட்டவேயில்லை. இதனைச் சொன்னபோது அவர்கள் வியந்தனர். தங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்பதாகக் கூறினர். அவர்கள் பொய் சொல்லவில்லை. நூறுமுறை பாடியவர்க்குச் சொற்கள் ஒலிநாடாவிலிருந்து வருவதில்லை, நினைவிலிருந்து வருகின்றன. தமக்கு முன்பே தெரிந்ததை எவரும் புதிதாகக் கேட்க இயலாது. தானியங்கும் மாஸ்டரிங் சேவையும் இக்குறையைத் தீர்த்திராது. அது ஒலியின் அளவை அறியுமேயன்றி, பொருள் விளங்கிற்றா என்பதை அறியாது.

5. வல்லுநரின் குறை

அவ்வாறாயின் பணங்கொடுத்து வல்லுநரை அமர்த்திவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு மெட்டாலிக்கா குழுவினர் 2008இல் வெளியிட்ட 'டெத் மேக்னெடிக்' சான்றாகும். பிறவற்றைவிடத் தம் பாட்டு உரக்க ஒலிக்கவேண்டும் என்னும் போட்டியில், மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் உள்ள வேறுபாடு நசுக்கப்பட்டு, கேட்போர் வெளிப்படையாகவே முறையிடும் நிலை ஏற்பட்டது. அதே பாடல்கள் கிட்டார் ஹீரோ என்னும் விளையாட்டில் நசுங்காத வடிவில் இருந்தமையால் வேறுபாடு எவர்க்கும் புலப்பட்டது. மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனோ, தம்மிடம் வரும்போதே பாடல்கள் நசுங்கியிருந்தன என்றார். அங்கே பணமும் இருந்தது, கூடமும் இருந்தது, புகழ்பெற்ற வல்லுநரும் இருந்தார். எனினும் அவருடைய செவி தீர்ப்புச் சொல்லும் முன்பே கேடு நிகழ்ந்துவிட்டது. ஆகவே, மறுத்துரைக்கும் உரிமை பெறாத வல்லுநர் விலையுயர்ந்த மற்றொரு கருவியே அன்றி வேறல்லர்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால், மென்பொருளா வல்லுநரா என்னும் வினாவே பிழைபட அமைந்தது என்பது போதரும். கேட்க வேண்டிய வினா இது: இப்பாடலை வெளியிடுமுன், இதனை ஆக்காத ஒருவர் கேட்டாரா? கேட்டவருக்கு, இது நன்றன்று எனக் கூற இடங்கொடுத்தோமா? அவர் கூறியபின் திருத்தினோமா? நெப்ராஸ்காவின் படைப்பாளர் கூடத்தில் பதிந்ததைத் தள்ளிக் காசெட்டைக் கொள்ளவும், அதே காசெட்டிலிருந்த ஒரு பாடலைக் கூடத்திற்கு ஒப்புவிக்கவும் அறிந்திருந்தார். இவ்வாறு பகுத்தறிவதே இசையறிவு. எந்த மென்பொருளும் அதனை விற்பதில்லை.

சிறுதொகையே கையிலுள்ளோர்க்கு நாம் கூறத்தக்க நடைமுறை அறிவுரையும் இதிலிருந்தே எழுகின்றது. பாடலை வீட்டிலேயே பதியலாம். அதில் இழிவொன்றும் இல்லை. பொறுமையுடையோர் மிக்ஸிங்கும் செய்யலாம். செய்தபின் மெல்லிய ஒலியில் கேட்கவும், பல அறைகளிலும் எளிய பெட்டிகளிலும் போட்டுப் பார்க்கவும், ஒருநாள் விட்டு மறுநாள் திரும்பக் கேட்கவும் வேண்டும். புதிய கருவி வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை இறுதிப் பணிக்கெனத் தனியே வைத்து, நம் அறையில் அமராத, நம் பாடலை மனப்பாடம் செய்யாத ஒருவரிடம் ஒப்படைப்பது நலம். அதற்கும் வழியில்லையாயின், பாடலை அறியாத ஒரு முதியவரை அமரச் செய்து, ஒருமுறை கேட்கவிட்டு, என்ன சொற்கள் கேட்டன என்று மட்டும் வினவுவோமாக. அவர் சொல்லும் விடை நமக்கு மகிழ்ச்சி தராமற்போகலாம். அன்று தொடங்கும் திருத்தமே அப்பதிவின் மெய்யான மாஸ்டரிங் ஆகும்.