அரை நாள், மூன்று நிறுத்தம், ஒரே கேள்வி

தேனிப் பக்கம் வரும் சுற்றுலா வண்டிகள் சுருளி அருவி, மேகமலை, தேக்கடி என்று ஓடிவிடுகின்றன. பழைய சின்னங்களைப் பார்க்க மதுரைக்குத்தான் போக வேண்டும் என்ற நினைப்பு உள்ளூர்க்காரர்களுக்கே உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் அண்ணாந்து பார்க்கும்படியான பிரம்மாண்டம் எதுவும் இல்லைதான். ஒரு பாறை, ஒரு கோயில், ஒரு மண்டபம். பழக்கமில்லாத கண்ணுக்கு ஐந்தே நிமிடத்தில் பார்த்து முடிந்துவிடும்.

அந்த ஐந்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக்க ஒரு கேள்வி போதும். இங்கே யார், யாருக்கு, எதைக் கொடுத்தார்கள்? கல்லிலும் செம்பிலும் முத்திரைத் தாளிலுமாக இந்தப் பள்ளத்தாக்கு விட்டுவைத்திருக்கும் எழுத்தில் பெரும்பகுதி கொடுத்ததன் கணக்குதான்.

புறப்படும் முன்

மதுரையில் எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் 2010இல் தொடங்கிய 'பசுமை நடை' நல்ல முன்மாதிரி. விடியற்காலையில் கூடுவார்கள். ஒரே மலைக்குப் போவார்கள். தொல்லியல் அறிஞர் ஒருவர் விளக்குவார். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். இருபது பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, கல்வெட்டு தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டால் தேனியிலும் இது நடக்கும்.

காலை ஆறரைக்குத் தேனியிலிருந்து கிளம்புங்கள். சின்னமனூர், உத்தமபாளையம், லோயர் கேம்ப் மூன்றும் குமுளி போகும் ஒரே சாலையில் இருக்கின்றன. மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் சின்னமனூரை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதாக ஓர் இடத்தைச் சேர்க்கும் ஆசையை அடக்குவது நல்லது. 'அப்படியே சுருளியில ஒரு குளியல் போட்டுட்டு வந்துரலாம்ணே' என்று யாராவது ஆரம்பித்தால் அன்றைய வரலாறு அதோடு சரி.

போகும்போது வலப்பக்க ஜன்னல். காலை வெயில் இடப்பக்கம் மேகமலை மேலிருந்து வரும். வலப்பக்கம் உட்கார்ந்தால் கண் கூசாது, கேரள எல்லை மலைகள் முழு வெளிச்சத்தில் தெரியும். வீரபாண்டியைத் தாண்டியதும் வயலைக் கவனியுங்கள். இந்தப் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளைவது. அந்தத் தண்ணீர் வந்த கதை கடைசி நிறுத்தத்தில் வரும்.

வண்டியிலேயே ஒரு கதை

சின்னமனூர் வருவதற்குள் வழிகாட்டி சொல்லி முடிக்க வேண்டிய ஊர் புலிமான்கோம்பை. ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைப் பக்கம் இருக்கிறது. நம் பாதையில் வராது. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையவை என்று மதிப்பிடப்படும் கற்கள். ஒன்றில் கூடலூரில் நடந்த ஆகோளும் அந்தவன் என்பவனின் பெயரும் இருக்கின்றன. ஆகோள் என்ற மாடு கவரும் சண்டையில் விழுந்தவனுக்கு ஊர் கொடுத்த கல் அது. லோயர் கேம்புக்கு முன்னால் நாம் கடக்கப்போவதும் ஒரு கூடலூர். இரண்டும் ஒன்றா என்று வழிகாட்டியோடு வாதாடுங்கள். வண்டி கலகலப்பாகும்.

சின்னமனூர்: இல்லாததைப் பார்ப்பது

ஊர்க்காரர்கள் சிவகாமியம்மன் கோயில் என்று சொல்லும் பூலாநந்தீஸ்வரர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, மண்டபத்தில் ஓர் ஓரமாக உட்காருங்கள். இந்த ஊரை வரலாற்றுப் புத்தகத்தில் ஏற்றிய சின்னமனூர்ச் செப்பேடுகள் இப்போது இங்கே இல்லை. இல்லாத ஒன்றை ரசிக்க, அது எப்படி எழுதப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சின்னது, பெரியது என்று இரண்டு தொகுதிகள். பெரியது பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பாண்டியன் இராசசிம்மன் கொடுத்த நிலக்கொடைச் சாசனம். வடமொழியிலும் தமிழிலும் இருக்கிறது. விஷயத்துக்கு வருவதற்கு முன் வம்சப் பெருமையைப் பாடும். கடலைக் கடைந்தது போன்ற புராணச் செயல்கள் முதலில் வரும், உண்மையான போர்கள் பிறகு வரும். முன்னோர்கள் மதுரையில் சங்கம் வைத்ததும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதும் அந்தப் பெருமைப் பட்டியலில் உண்டு. சங்கத்தைப் பற்றிப் பேசும் ஆய்வாளர்கள் சின்னமனூரை விடாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான். அக்கால நிலக்கொடைகளில் பெண்யானையை நடக்கவிட்டு எல்லை குறிக்கும் வழக்கமும் உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள வயலைப் பார்த்தபடி அந்த யானையை நடக்கவிட்டுப் பாருங்கள்.

கொடுத்தவன் கதி என்ன? சில ஆண்டுகளில் சோழன் முதலாம் பராந்தகனிடம் தோற்று, இராசசிம்மன் ஈழத்துக்குத் தப்பினான். முடியையும் அங்கேயே விட்டுப்போனான். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து இராஜேந்திர சோழன்தான் அதை மீட்டு வந்தான். முடி கைமாறிப்போயிற்று. அவன் எழுதிக்கொடுத்த செம்பு நிலைத்தது.

உத்தமபாளையம்: பாறையின் முன்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. ஊரை ஒட்டிய கருப்பணசாமி மலையில், பெரிய பாறை முகத்தில், சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வேலை. கல்வெட்டில் இந்த இடத்தின் பெயர் திருக்குணகிரி.

வந்ததும் செல்போனை எடுக்காதீர்கள். முதலில் பத்தடி தள்ளி நின்று மொத்த வரிசையையும் பாருங்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி தெரியும். பிறகு நெருங்கி வந்து வித்தியாசம் தேடுங்கள். தலைக்கு மேல் பாம்புப் படம் விரிந்திருந்தால் பார்சுவநாதர். மற்றவர்களுக்கு முக்குடை. பக்கத்தில் சாமரம் வீசுபவர்கள் இருக்கிறார்களா, சிலர் ஏன் உட்கார்ந்தும் சிலர் ஏன் நின்றும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆழம் குறைந்த புடைப்புச் சிற்பங்கள் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும், உச்சி வெயிலில் தட்டையாகிவிடும். வெளிச்சம் போதவில்லை என்றால் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்பு, மாவு பூசுபவர்களைத் தடுங்கள்.

உருவங்களுக்கு அருகே சுழி சுழியாக இருப்பது வட்டெழுத்து. பாண்டிய நாட்டின் அன்றைய எழுத்து. சோழர் ஆட்சி வந்த பிறகு மெல்ல வழக்கொழிந்தது. படிக்கத் தெரிய வேண்டாம். வழிகாட்டி விரலோட்டத்தில் இரண்டு செய்தியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, அச்சணந்தி என்ற பெயர். ஆனைமலை, அழகர்மலை, கீழவளவு, ஐவர்மலை, குமரி மாவட்டத்துச் சிதறால் என்று ஊர் ஊராகப் போய்த் திருமேனிகள் செய்வித்த சமண முனிவர் இவர். மதுரைச் சமணர் மலையில் இவருடைய தாய் குணமதியார் செய்வித்த உருவமும் உண்டு. இரண்டாவது, விளக்கெரிக்கக் காசு கொடுத்த செய்தி. முதலைத் தொடாமல் வட்டியில் எண்ணெய் வாங்குவது அக்கால ஏற்பாடு. கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று எழுதிவைப்பவருக்கு இந்தக் கொடையாளி ஆயிரம் ஆண்டு மூத்தவர்.

சமணம் போய்விட்டது, மலை இன்று கருப்பணசாமியின் பெயரில் நிற்கிறது. சாமிக்குரிய மரியாதையோடு செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

லோயர் கேம்ப்: ஏக்கருக்கு ஐந்து ரூபாய்

மலையடிவாரத்தில் வண்டி நின்றதும் நிமிர்ந்து பாருங்கள். மலைமேலிருந்து மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரியும். மேற்கே ஓடிக் கடலில் விழ வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டு இப்படித்தான் வந்து சேர்கிறது. அணை வேலை 1887இல் தொடங்கியது. 1895 அக்டோபர் 10இல் சென்னை ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் 2013 ஜனவரி 15இல், அவருடைய பிறந்த நாளில், இங்கே திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் அதே நாளில் விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள்.

இங்கேயும் அதே கேள்வி. நிலம் கொடுத்தது திருவிதாங்கூர். 1886 அக்டோபர் 29இல் கையெழுத்தான குத்தகைப்படி 8,000 ஏக்கர், 999 ஆண்டு, ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய். 1970இல் அது முப்பது ரூபாயானது. அரசன் தெய்வ சாட்சியாகச் செம்பில் எழுதிய கொடையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, இரண்டு அரசுகள் வாடகை பேசி எழுதிய இந்தத் தாள் வேறொரு உலகம். பென்னிகுவிக் சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்று வழிகாட்டி சொன்னால், அதற்கு ஆவணம் எது என்று பணிவாகக் கேளுங்கள். மக்கள் மனத்தில் ஒருவருக்கு இருக்கும் இடம் வேறு, ஏட்டில் இருப்பது வேறு. இரண்டையும் சேர்த்தே ரசிக்கலாம், குழப்பிக்கொள்ளாமல்.

இந்த இடத்தில் கேள்வியின் அடுத்த பாதியையும் கேட்டுவிடுங்கள். யார் பெயர் எழுதப்படவில்லை? காட்டுக்காய்ச்சலிலும் காலராவிலும் மாண்ட அணைக் கூலியாட்களின் பெயர்களை யாரும் கல்லில் வெட்டவில்லை. உத்தமபாளையத்தில் செய்வித்தவர் பெயர் இருக்கிறது. உளி பிடித்தவர் யார்?

ஒரு மணிவாக்கில் திரும்பிவிடலாம். இந்தக் கேள்வி பழகிவிட்டால் பெரிய சின்னங்கள் முன்னால் மலைத்து நிற்க வேண்டியிருக்காது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன், தான் கொடுத்ததையும் அக்காள் கொடுத்ததையும் தேவியர் கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். அடுத்த முறை அங்கே போகும்போது விமானத்தைப் பார்த்து முடித்ததும் கண்ணைக் கீழே இறக்குங்கள். கணக்கெல்லாம் அடிச்சுவரில் இருக்கிறது.