கமரா திரும்பாத பக்கம்

2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடந்தது. காசு கொடுத்தவர்களுக்கு முன்வரிசை, கொடுக்காதவர்களுக்குத் தடுப்புக்குப் பின்னால் இடம். பின்னால் நின்ற சனம் தடுப்பைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தது. நிகழ்ச்சி இடையில் நின்றது. மறுநாள் எல்லோரும் யாழ்ப்பாணத்தின் 'பண்பாடு' பற்றிக் கவலைப்பட்டார்கள். எனக்கு அந்த இரவின் கைத்தொலைபேசிப் படங்களே முக்கியமாகப் பட்டன. அவற்றில் பாடகர் தீக்குச்சியளவு. சனம்தான் திரை முழுவதும். கச்சேரிப் படம் என்ற வடிவம் யாருக்காக, யாரைப் பற்றியது என்ற கேள்வியை அவைதான் எனக்குள் கிளப்பின.

இந்த வடிவத்தை வளர்த்தவர்கள் மேற்கின் றொக் குழுக்கள். இசைத்தட்டை வாங்கிய ரசிகருக்கு அடுத்து விற்பதற்கு அவர்களிடம் இருந்தது மேடை. முதலில் திரையரங்கு, பிறகு வீடியோ நாடா, பிறகு இறுவட்டு, இன்று இணையம். ஆனால் ரசிகரை என்ன செய்வது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இருந்ததில்லை. 1970இல் வந்த 'வூட்ஸ்டொக்' படத்தில் சேற்றில் கிடந்த சனமே கதாநாயகன். பிங்க் புளொய்ட் குழு 1971இல் பொம்பேயின் பாழடைந்த அரங்கில் பார்வையாளர் எவருமில்லாமல் வாசித்துப் படமெடுத்தது. ஸ்கோர்செசி 'தி பாண்ட்' குழுவின் பிரியாவிடைக் கச்சேரியை 1976இல் படமாக்கி 1978இல் வெளியிட்டபோது, சனத்தின் பக்கம் கமராவை ஏறக்குறையத் திருப்பவேயில்லை. ஜொனதன் டெம்மியோ 'டோக்கிங் ஹெட்ஸ்' குழுவின் படத்தில் (1984) பார்வையாளரின் முகங்களைக் கடைசிவரை மறைத்து வைத்தார். பார்வையாளர் முகம் காட்டுவது 'இந்த இடத்தில் இப்படி உணர்' என்று பார்ப்பவருக்குக் கட்டளையிடுவது என்பது இத்தகையோரின் தரப்பு. கலை நோக்கில் அது சரியான தரப்பே. நான்கூட நீண்டகாலம் அதையே நம்பினேன்.

2023இல் டெய்லர் ஸ்விப்ட் தன் சுற்றுப்பயணப் படத்தை ஹொலிவூட் ஸ்டூடியோக்களைத் தாண்டி நேராகத் திரையரங்கு நிறுவனமொன்றோடு பேசி வெளியிட்டார். உலகெங்கும் 26 கோடி டொலர் வரை வசூல். டிக்கட் கிடைக்காத பிள்ளைகள் திரையரங்கில் எழுந்து நின்று ஆடினார்கள். வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அரங்கில் இல்லாதவருக்கும் 'நீயும் இருந்தாய்' என்று சொல்லும் வியாபாரம் அது.

நம் மொழியில் இதற்கு நெருங்கிய உதாரணம் ஏ. ஆர். ரஹ்மானின் 'வன் ஹார்ட்'. 2015இன் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் பதிவுசெய்து 2017இல் திரைக்கு வந்தது. ஒத்திகை, வாத்தியக் கலைஞர்களின் பேச்சு, மேடை என்று நகர்கிறது. சினிமாப் பாட்டின் நிழலில் பெயரற்றுக் கிடக்கும் வாத்தியக்காரருக்கு முகம் கொடுத்ததற்காக அதனை மதிக்கிறேன். எனினும் அது இசைக்கலைஞரின் படம், ரசிகரின் படமல்ல. அதே 2017 ஜூலையில் லண்டன் வெம்ப்ளியில் அவரது கச்சேரியில் தமிழ்ப் பாட்டு அதிகம் என்று ஒரு பகுதியினர் எழுந்து போனார்கள். பணத்தையும் திருப்பிக் கேட்டார்கள். எந்த மொழிச் சனத்துக்குப் பாட்டு சொந்தம் என்ற அந்தச் சண்டையில்தான் ரஹ்மானின் பார்வையாளர் யார் என்பது வெளிப்பட்டது. அதைப் போன்ற ஒரு கணத்தையும் 'வன் ஹார்ட்' தன்னுள் அனுமதிக்கவில்லை.

(இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. நாகூர் ஹனீபாவின் கசெட் இல்லாத வீடு எங்கள் தெருவில் இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.)

எங்கள் தெரு என்றால் யாழ்ப்பாணம் சோனகத் தெரு. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் துள்ளிசையைக் கொண்டுவந்த காலத்தில் கல்லூரி விழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் அந்தப் பாட்டுக்கு ஆடாதவர் குறைவு. பாட்டுகள் மிஞ்சின. ஆடிய சனத்தைக் காட்டும் ஒரு முழுக் கச்சேரிப் படத்தையேனும் நான் இதுவரை கண்டதில்லை. 1990 ஒக்டோபர் 30இல் சில மணி நேர அவகாசத்தில் நாங்கள் வெளியேற்றப்பட்டோம். ஹனீபாவின் கசெட்டுகள் அலுமாரியிலேயே கிடந்தன. அதற்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள் என்று பிற்பாடு நண்பர்கள் சொன்னார்கள். எழுச்சிப் பாடல்களின் ஒலிநாடாக்கள் வெளிவந்தன. 'ஒளிவீச்சு' என்ற வீடியோ சஞ்சிகை வந்தது. இன்று காணக்கிடைக்கும் அக்காலக் காட்சிகளில் மேடையைவிடக் கூட்டத்தையே நான் பார்க்கிறேன். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் பார்க்கிறேன். அந்தச் சனத்துக்குள் நாங்கள் இல்லை. யாரும் வெட்டி எடுக்கவில்லை. எடிட்டிங் தெருவிலேயே நடந்து முடிந்திருந்தது.

ஆகவேதான் ஸ்கோர்செசியின் தரப்பை இப்போது என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. எல்லாக் காலத்திலும் தன் முகம் பதிவாகியிருக்கும் என்ற நிச்சயமுள்ள சமூகத்துக்குக் கமராவைத் திருப்பாமல் இருப்பது அழகியல் தெரிவு. நமக்கு அது அப்படியல்ல. அரங்கில் யார் நின்றார்கள் என்பது, ஊரில் யார் வாழ்ந்தார்கள் என்பதற்கான சாட்சி. ஏற்பாட்டாளர் வெளியிடும் பளபளப்பான படத்தில் அந்தச் சாட்சி பெரும்பாலும் வெளிச்சப் புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது. கை நடுங்க எடுத்த மூன்று நிமிடத் துண்டில் அது தப்பிப் பிழைக்கிறது.

2023 ஒக்டோபரில் சந்தோஷ் நாராயணன் யாழ்ப்பாணத்தில் பாடிய 'யாழ் கானம்' நிகழ்ச்சியின் துண்டொன்றை மருமகன் புத்தளத்துக்கு அனுப்பியிருந்தான். ஒலி உடைந்திருந்தது, என்ன பாட்டு என்றே விளங்கவில்லை. இடப்பக்க ஓரத்தில் தொப்பி போட்ட ஒரு பையன் யாருடைய தோளிலோ ஏறியிருந்து கை தட்டுகிறான். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு மருமகனுக்கு எழுதியிருக்கிறேன்.