உருபு தொலைந்த உவமை

பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை மூவகைப்படுத்துகிறது. அன்னமும் ஆவும் தலை. மண்ணும் கிளியும் இடை. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடை. இக்கடை வரிசை இன்றும் வகுப்பறைகளில் உயிர்வாழ்கிறது. நெய்யரிக்கு உரைகாரர் கூறும் ‘பன்னாடை’ என்னும் சொல், நெய்யை விட்டுக் கசடைப் பற்றும் அதன் இயல்பு மறக்கப்பட்டு, வெறும் வசையாகவே நிலைத்துவிட்டது.

அதே பாயிரம் ஆசிரியராகத் தகாதவர்க்கும் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமைகளை வைத்துள்ளது. ஒருவன் நீர் வார்க்க, வேலி தாண்டி அயலானுக்குக் காய் கொடுப்பது முடத்தெங்கு. இந்நான்கையும் நாம் வசதியாக மறந்துவிட்டோம்!

பவணந்தியார் ‘அன்னர்’ என்றார். அவற்றைப் போன்றவர் என்பது பொருள். குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமையைப் போல ஆசிரியரை வருத்திக் கேட்கும் முறையையே அவர் சுட்டினார். நாமோ உருபை நீக்கிவிட்டுப் பிள்ளையையே ‘எருமை’ என்று விளிக்கிறோம். உருபும் பொதுத்தன்மையும் தொக்க உவமையை அரபு அணிநூலார் ‘தஷ்பீஹ் பலீக்’ என்பர். உவமைகளில் வலிமை மிக்கது அதுவே என்றும் கூறுவர். கவிஞனுக்கு அது அணி. ஏழு வயதுப் பிள்ளையின் செவியில் அவ்வலிமை வேறு வேலை செய்கிறது. ‘இன்று பாடத்தைக் கவனிக்கவில்லை’ என்றால் நாளை கவனிக்கலாம் என்ற இடம் அவனுக்கு உண்டு. ‘நீ எருமை’ என்றபின் நாளைக்கு அங்கே இடமில்லை. வீட்டில் தந்தையும் அச்சொல்லையே எடுத்தாண்டால் பிள்ளை அதைத் தன் பெயராகவே ஏற்றுக்கொள்கிறான்.

1377-இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன் கற்பித்தலில் கடுமை பற்றித் தனியொரு பகுதியே அமைத்தார். கடுமையில் வளரும் பிள்ளையின் ‘நஷாத்’, அதாவது உள்ளக் கிளர்ச்சி, அழியும். சோம்பலும் பொய்யும் அவ்விடத்தில் குடியேறும் என்பது அவர் கருத்து. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் ஆசிரியரின் கடமைகளைக் கூறுமிடத்தில், மாணவனின் குறையை இயன்றவரை குறிப்பால் உணர்த்துக, வெளிப்படையாகக் கடியற்க என்கிறார்கள். வெளிப்படையான கண்டிப்பு அச்சத்தின் திரையைக் கிழித்துவிடும் என்பது அவர்கள் காட்டும் காரணம்.

வேப்பூர் ஆட்டுச்சந்தையை அறிந்தவர்க்கு இன்னொன்றும் தோன்றும். செடிக்கு ஒரு வாய் மேய்ந்து நகர்வதே ஆட்டின் குறையாம். அப்படி மேய்ந்த ஆடுதான் அங்கே நல்ல விலைக்குப் போகிறது! அருகே விருத்தாசலத்தில் பீங்கான் செய்வோர், சூளையில் ஒரு கோப்பை வெடித்தால் மண் கலவையையும் சூட்டையும் ஆராய்வார்களே தவிரக் கோப்பையை ஏசமாட்டார்கள். இல்லிக்குடம் என்று பிள்ளையை ஒதுக்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு நன்னூலாரோடு எமக்கு ஒரு பிணக்கு உண்டு. நூல் கற்பிக்கத் தகாதவர் பட்டியலில் களியனோடும் கள்வனோடும் பிணியனையும் மந்தனையும் துயில்வோனையும் அவர் சேர்த்துவிட்டார். தேடிவந்த சீடரை ஆராய்ந்து ஏற்ற காலத்திற்கு அது பொருந்தியிருக்கலாம். சுபுஹு முடிந்ததும் மக்தபுக்குத் தூக்கக் கண்ணோடு வரும் பிள்ளைகளில் துயில்வோரை விலக்கினால், உஸ்தாதின் எதிரே விரித்த பாயில் யார் எஞ்சுவார்?